பிரிந்தவர்களின் கடன்

தம்பதிகள் பிரிந்து வாழத் தீர்மானித்தால், அவர்களுக்குள் தீரவேண்டிய விஷயங்கள் இன்னவை என்பதை நமது சட்டங்கள் ஒருவாறு சொல்லிவைத்திருக்கின்றன. குழந்தைகள் யாரிடம் இருப்பது, ஜீவனாம்சம் எவ்வளவு, பெண்வீட்டார் போட்ட நகை எப்பொழுது திரும்பிவரும் என்று கோர்ட்டில் வாதம் நடக்கிறது. சேர்ந்து வாழ்ந்தபோது பட்ட கடனை இனிமேல் யார் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதேயில்லை. பாங்கியின் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு ஓடிவரும்போதுதான் அநேகருக்கு அது நினைவுக்கு வருகிறது. அதற்குள் மூன்று நான்கு தவணைகள் தவறிப்போயிருக்கும்.

இது விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கேட்பவருக்குக் கசக்கும் என்பது வேறு. 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 43வது பிரிவின்படி, இருவர் சேர்ந்து ஒரு கடனுக்குக் கையெழுத்திட்டால் முழுத் தொகையையும் அவர்களில் எவரிடமிருந்து வேண்டுமானாலும் வசூல் செய்யக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. கொடுத்துத் தீர்த்தவர் மற்றவர்மீது பங்குக்காகப் பிராது செய்யலாம். அது அவர்களுக்குள் நடக்கவேண்டிய வழக்கு. ஜாமீன் நின்றவர் கதியும் இதுதான். கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று 128வது பிரிவு சொல்லுகிறது. விவாகரத்துத் தீர்ப்பில் வீட்டுக்கடனைப் புருஷனே கட்டவேண்டுமென்று கண்டிருக்கலாம். பாங்கி அந்த வழக்கில் கட்சியல்ல. ஆகையால் அந்தத் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாவிட்டால் அம்மாளுக்கும் நோட்டீஸ் வரும். பாங்கியே சம்மதித்து ஒருவர் பெயரை நீக்கிப் புதுப் பத்திரம் எழுதிக்கொண்டாலொழிய, பழைய கையெழுத்துக்கு உயிர் உண்டு. இதை முதலிலேயே தெரிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்?

நகையை அடகுவைத்த விஷயம் இன்னும் துயரமானது. ஸ்திரீதனம் மனைவியின் பூரண சொத்து, புருஷன் அதை வைத்திருந்தால் நம்பிக்கைப் பொறுப்பாளராகவே வைத்திருக்கிறான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1985லேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று. ஆனாலும் நடைமுறை என்ன? கேரளத்துத் தம்பதி ஒருவரின் வழக்கு 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் முடிவாயிற்று. 2003ல் விவாகம், பெண்ணுக்குப் போட்டது 89 சவரன். நகைகள் புருஷன் வீட்டார் பொறுப்புக்குப் போய், அவர்களுடைய பழைய கடன்களுக்குக் கரைந்துபோயின என்பது அந்த அம்மாளின் வாதம். குடும்பக் கோர்ட்டு 2011ல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐகோர்ட்டு 2022ல் அதை மாற்றியது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. நெருக்கடியில் புருஷன் அந்த நகையை உபயோகித்துக்கொண்டாலும் திருப்பித்தரும் கடமை அவனுக்கு உண்டு என்பதே கோர்ட்டார் கொண்ட நியாயம். நியாயம் கிடைத்தது, மெய்தான். ஆயினும் அந்த மாதம் சவரன் விலை 50,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 89 சவரனுக்கு 44 லட்சத்துக்கு மேல் ஆகிறது. ஜெயித்தவருக்கே இருபது வருஷம் கழித்து ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சியது.

ஆகையால் பிரிவு நிச்சயமான வாரத்திலேயே அடகுச் சீட்டுகளைத் தேடி எடுப்பது முதல் வேலை. எந்த நகை, எந்தப் பாங்கியில் அல்லது கடையில், யார் பெயரில், எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்பதை எழுதிவைக்கவேண்டும். புருஷன் பெயரில் இருக்கும் அடகை மனைவி போய்க் கேட்டால் பாங்கி கொடாது. ஏலத் தேதிக்கு முன்னால் வக்கீல் மூலம் எழுத்தில் தெரிவித்தும், கோர்ட்டில் இடைக்கால உத்தரவு கேட்டும் தடுக்க முயலலாம். ஏலம் போனபிறகு எல்லாம் கடினம்.

இனி ஏழைக் குடும்பங்களைப் பார்ப்போம். குழுக்கடன் பெரும்பாலும் பெண்கள் பெயரிலேயே வாங்கப்படுகிறது. ரிஸர்வ் பாங்கி 2022ல் வகுத்த விதிகளின்படி, குடும்பம் என்பது புருஷன், மனைவி, விவாகமாகாத குழந்தைகள். வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கே இக்கடன் உண்டு. தவணைகளெல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புருஷன் 15,000 ரூபாயும் மனைவி 7,000 ரூபாயும் சம்பாதிக்கிற வீட்டில் மாதம் 11,000 ரூபாய் வரை தவணை இருக்க விதி இடங்கொடுக்கிறது. புருஷன் வீட்டைவிட்டுப் போய்விட்ட மறுமாதம் அந்த அம்மாளின் வருமானம் 7,000. தவணை அதே 11,000. கடன் கொடுக்கும்போது இரண்டு வருமானத்தையும் கூட்டிப் பார்த்தவர்கள், ஒன்று போனபிறகு கழித்துப் பார்ப்பதில்லை. அவள் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். அதற்கு அஞ்சி அவள் தினவட்டிக்காரனிடம் போகிறாள்.

இவ்விடத்தில் கம்பெனிகளைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கஷ்டத்திலிருக்கும் கடனாளிகளை அடையாளங்கண்டு, அவர்களோடு பேசி, அவர்களுக்குள்ள வழிகளைச் சொல்ல ஏற்பாடு செய்யவேண்டுமென்பதும் அதே 2022 விதிகளில் அடங்கியிருக்கிறது. வீட்டில் வருமானம் கொண்டுவருகிறவர் பிரிந்துபோனது கஷ்டமல்லவென்றால் வேறெது கஷ்டம்? சாவு நேர்ந்தால் பத்திரத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பிரிவு நேர்ந்தால் ஏன் பார்க்கக்கூடாது? தவணைக் காலத்தை நீட்டித்தால் கம்பெனிக்கு முதலும் வட்டியும் போய்விடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக்கூடாதென்ற விதியும் இருக்கிறது. அதைக் கடனாளிகள் தெரிந்துகொண்டிருப்பது நல்லது. தனிப்பட்ட வட்டிக்காரரின் கந்துவட்டிக்கும் மீட்டர்வட்டிக்கும் தமிழ்நாட்டில் 2003ம் வருஷத்துச் சட்டம் தண்டனை விதித்திருக்கிறது. போலீஸில் புகார் செய்ய மானம் தடுக்கிறது என்பார்கள். அந்த மானத்தைத்தான் வட்டிக்காரன் ஈடாகப் பிடித்துக்கொள்ளுகிறான்.

புருஷர் தரப்பிலும் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. கல்யாணச் செலவுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் அவர் பெயரில் வாங்கிய கடன், அந்த விவாகத்தைவிட அதிக ஆயுளுடன் இருக்கிறது. ஜீவனாம்சம் நிர்ணயிக்கையில், தாமாக வாங்கிய கடன்களின் தவணையைக் கழித்துக்கொண்டு மீதியையே வருமானமென்று காட்டுவதைக் கோர்ட்டுகள் பொதுவாக ஒப்புவதில்லை. குழந்தையின் சாப்பாடு பாங்கிக்கு முந்தியது என்ற அந்தக் கொள்கை சரியே என்பது நமது அபிப்பிராயம். எனினும் இருவரும் அனுபவித்த கடன் எது, ஒருவர் தமக்காக வாங்கிய கடன் எது என்று பிரித்துப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஜீவனாம்சத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு நோட்டீஸ் வந்தபிறகு புதிதாகக் கடன் வாங்குகிற கனவான்களும் இருக்கிறார்கள். தேதியைப் பார்த்தாலே அவர்கள் யாரென்று தெரிந்துவிடும்.

பிரிந்தவர்கள் தனித்தனியே செய்துகொள்ளவேண்டிய காரியங்களும் சில உண்டு. கடன் விவரக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் இலவசமாக அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டவை. அதை வாங்கிப் பார்த்தால் தாம் எங்கெங்கே கையெழுத்திட்டிருக்கிறோம் என்பது வெளியாகும். சிலர் அதைக் கண்டு திடுக்கிடுவார்கள். தம் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் மற்றவருக்கு உபகார்டு கொடுத்திருந்தால் உடனே நிறுத்தவேண்டும். அதில் ஏறுகிற செலவு முழுவதும் மூலக் கார்டுக்காரர் தலைமேல் விழும். எடுத்துவிட்ட சீட்டுக்கு ஜாமீன் யார் என்று பார்க்கவேண்டும். பிறகு, கையிலுள்ள சொற்பப் பணத்தில் எதை முதலில் கொடுப்பது? வாடகை, குழந்தைகளின் படிப்பு, நகையும் வீடும் ஈடாக உள்ள கடன்கள் முன்னால் வரவேண்டும். ஈடில்லாத கடன்காரர்களிடம் தவணை தவறுவதற்கு முந்தியே எழுத்தில் அவகாசம் கேட்கவேண்டும். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டியில் மற்றொன்று வாங்குவதைக் காட்டிலும், உறவினருக்குத் தெரியும்படி ஸ்கூட்டரை விற்றுவிடுவது மேல். கௌரவத்துக்காக மூன்று அறை வாடகை வீட்டிலேயே தனியாக இருந்துகொண்டு கடன்படுகிறவர்களைப் பற்றி நாம் அதிகம் சொல்லப்போவதில்லை.

வக்கீல் கூலிக்குப் பணமில்லை என்று தயங்கும் பெண்களுக்கு, 1987ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின் 12வது பிரிவு, வருமானம் எவ்வளவானாலும் இலவச உதவி அளிக்கிறது. ஜில்லாக் கோர்ட்டு வளாகங்களிலேயே அந்தக் காரியாலயம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144வது பிரிவில், இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடியவரையில் நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிக்கவேண்டுமென்று கண்டிருக்கிறது. ஜீவனாம்சம் மனுச் செய்த தேதியிலிருந்தே சேரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 நவம்பர் 4ந் தேதி தீர்ப்பளித்தபடியால், மனுவைத் தாமதிப்பது பணத்தையே இழப்பதாகும்.

அதே 2020 தீர்ப்பில், இரு கட்சியாரும் தங்கள் சொத்தையும் கடனையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யவேண்டுமென்று விதிக்கப்பட்டிருக்கிறது. கடன் எழுதும் பக்கம் ஏற்கனவே அச்சாகி இருக்கிறது. அதை வருமானம் மதிப்பிடுவதற்கு மட்டும் உபயோகிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். முதல் வாய்தாவிலேயே நீதிபதி அந்தப் பக்கத்தை எடுத்து, கூட்டுக்கடன் எவை என்று கேட்டு, சம்பந்தப்பட்ட பாங்கிக்கு நோட்டீஸ் அனுப்பி, சமரச மையத்தில் மூவரையும் உட்காரவைக்கலாம். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துக் கேட்கும் மனுக்களில், கடன்களை யார் எந்தத் தேதிக்குள் தீர்ப்பது என்ற ஷரத்து இல்லாவிட்டால் மனுவைத் திருத்தும்படி சொல்லலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. சென்னை ஐகோர்ட்டிலிருந்து குடும்பக் கோர்ட்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். வக்கீல் சங்கங்கள் இதை எழுதிக் கேட்கவேண்டும்.