லத்தீன்ல எழுதினா போதுமா?



பரீட்சை நெருங்கிடுச்சு. பத்தாம் வகுப்பில் ஆட்டோகிராப் நோட்டும் சுத்த ஆரம்பிச்சாச்சு. அதில் 'பிடித்த படம்' என்று ஒரு கட்டம், 'லட்சிய வாசகம்' என்று ஒரு கட்டம். இந்த வருசம் நிறைய பேர் லட்சிய வாசகத்தை லத்தீன் மொழியில் எழுதுகிறார்கள். என்ன அர்த்தம்னு கேட்டால், "அதெல்லாம் தெரியாது, ஸ்டைலா இருக்குல்ல!" என்பதுதான் பதில்.

லத்தீன் நமக்குப் புதுசு இல்லை. டாம் அண்ட் ஜெர்ரி தொடங்கும்போது ஒரு சிங்கம் கர்ஜிக்குமே, அதன் தலைக்கு மேல் 'ஆர்ஸ் கிராசியா ஆர்ட்டிஸ்' என்று எழுதியிருக்கும். அது எம்.ஜி.எம். படக் கம்பெனியின் லத்தீன் வாசகம். 'கலையின் பொருட்டே கலை' என்று அர்த்தம். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாசகமும் லத்தீன்தான். நமக்குள் இருக்கும் ஆற்றலைக் கல்வி வளர்க்கும் என்பது அதன் கருத்து. எனவே லத்தீனில் எழுதுவது தப்பே இல்லை. அர்த்தம் தெரியாமல் எழுதுவதுதான் தப்பு என்பது என் கருத்து.

சிலர் அகராதியைப் பார்த்து, சொல்லுக்குச் சொல் அடுக்குகிறார்கள். அது சரிவராது. மேலே சொன்ன ஆர்ஸ், ஆர்ட்டிஸ் இரண்டும் ஒரே சொல்தான். ஆர்ஸ் என்றால் கலை. ஆர்ட்டிஸ் என்றால் கலையின். நம்ம வேற்றுமை உருபு மாதிரியே அங்கேயும் சொல்லின் கடைசி மாறினால் பொருள் மாறும். தமிழ் இலக்கண வகுப்பில் தூங்காதவர்களுக்கு லத்தீன் பயமே வேண்டாம்!

ஒரு உதாரணம் பார்ப்போம். நம்மில் பலருக்குப் பிடித்த படம் 'பசங்க'. 2009-ல் வந்தது. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையைச் சேர்ந்த விராச்சிலைதான் கதை நடக்கும் ஊர். அதில் அன்புக்கரசு தன் பெயரோடு ஐ.ஏ.எஸ். என்று சேர்த்தே சொல்வான். படிப்பது என்னவோ ஆறாம் வகுப்பு! ஆனாலும் ஊரறியச் சொல்லிவிட்டான். இனி அவன் அதற்குத் தகுந்த மாதிரி படித்தாக வேண்டும், நடந்தாக வேண்டும். அந்தப் படத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட வாசகம் இது: 'நோமென் பாக்டிஸ் இம்ப்ளியோ'. நோமென் என்றால் பெயரை. பாக்டிஸ் என்றால் செயல்களால். இம்ப்ளியோ என்றால் நிரப்புகிறேன். 'பெயரைச் செயல்களால் நிரப்புகிறேன்.' 'நிரப்புகிறேன்' என்பதில் 'நான்' ஒளிந்திருப்பது போல 'இம்ப்ளியோ' என்பதிலும் 'நான்' இருக்கிறது. அதாவது நிரப்ப வேண்டியது நான்தான். அப்பாவோ வாத்தியாரோ இல்லை.

நம்ம பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். கூப்பிடும் பெயர் ஒன்று, வைத்த பெயர் ஒன்று என்று இரண்டோடு திரிகிறவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. அந்தப் பெயர் நாம சம்பாதிச்சது இல்லை. அவர் வாழ்ந்து நிரப்பிய பெயர் அது. அதை நாம் காலியாக்கிவிடக் கூடாது அல்லவா?

"தமிழிலேயே எழுதலாமே?" என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதலாம். நம் அரசு முத்திரையில் 'வாய்மையே வெல்லும்' என்று தமிழில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு, "அப்படித்தான் நடக்குதா?" என்று கேள்வி கேட்கலாம். வாசகத்துக்கு அதுதான் பெருமை. புரியாத மொழியில் மட்டும் எழுதி வைத்தால் நம்மை யாரும் கேள்வி கேட்க முடியாது. அது ஒளிஞ்சுக்கிற மாதிரிதான்.

ஆகவே நண்பர்களே, பிடித்த படத்திலிருந்து வாசகம் எடுங்கள். லத்தீனிலும் எழுதுங்கள். ஆனால் அடியில் தமிழிலும் எழுதுங்கள். வீட்டில் அப்பத்தாவிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். "இதுமாதிரி நடப்பியாடா?" என்று கேட்டால், தலையைக் குனியாமல் பதில் சொல்ல முடிகிறதா? அப்படியானால் அதுதான் உங்கள் லட்சிய வாசகம்!

— பத்தாம் வகுப்பு மாணவன்