"மண்தானே!" என்று சொல்லாதே!

"மண்தானே ஐயா! மழையில் கரைந்தால் என்ன? மறுபடி நாலு லாரி கொட்டினால் போச்சு!"

சென்ற ஐப்பசியில் மனைப்பிரிவு போட்ட ஒரு பெரியவர் சொன்ன வாசகம் இது. இடம், பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர், பேர் வேண்டாம். முட்செடி, பனங்கன்று, புல் பூண்டு அத்தனையையும் இயந்திரத்தால் வழித்தெடுத்து, மழைக்கு முந்தின வாரம் மண்மேடு கட்டி முடித்திருந்தார். இரண்டே இரவு மழை. கோழி கிளறியது போல் மேட்டின் சரிவெல்லாம் கோடு கோடாகக் கீறிக்கொண்டது. கரைந்த மண் எங்கே போயிற்று? பக்கத்துக் குடிசையின் அடுப்புக்குள் போயிற்று. வயலுக்குப் போகும் வாய்க்காலில் படிந்தது. அடுத்த மழையின் தண்ணீரை அந்த வாய்க்கால் வாங்கவில்லை. ஏழையின் நாற்றங்கால் வாங்கிக்கொண்டது!

மனைக்காரருக்கு நட்டம் நாலு லாரி மண். குடிசைக்காரிக்கு? நாற்றை இழந்த குத்தகைக்காரருக்கு? அந்தக் கணக்கை எழுத ஏடும் இல்லை, எழுதுவாரும் இல்லை.

தோழர்களே! இது ஒரு மனைக்காரரின் கதை மட்டுமல்ல. மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர். மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்வது இலையும் சருகும். அவற்றை வழித்தெடுத்துவிட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சம்மட்டி. கட்டட வேலைக்காக வெறுமையாக்கப்பட்ட நிலம், பயிர் நிலத்தைவிட 10 முதல் 20 மடங்கும், காட்டு நிலத்தைவிட 1,000 முதல் 2,000 மடங்கும் மண்ணை இழக்கிறது என்று அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனமே கணக்குக் காட்டியிருக்கிறது. அங்கே ஒரு ஏக்கருக்கு மேல் மண்ணைக் கிளறுவோர், சேற்றுநீர் வெளியே ஓடாமல் தடுக்க வழிசெய்து அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2003 முதல் நடப்பில் இருக்கிறது.

நம் கடலூர் மாவட்டத்திலோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 நவம்பரில் பண்ணுருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் உயிர்களையே வாரிக்கொண்டு போனதை மறந்தோமா? அந்த வெள்ளத்துக்கு மழையே காரணம், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் போகும் வழியைச் சேறு அடைத்துக்கொண்டால் சிறுமழையும் பெருவெள்ளமாகும் அல்லவா?

நிலத்தை மொட்டையடிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1830இல் ஹீத் என்ற வெள்ளையர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை எழுப்பினார். சேலத்துக் கல்லை உருக்கக் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். காடு கரியாயிற்று, இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போயிற்று. ஆலையும் நிலைக்கவில்லை. சேலத்து மலைகளில் பிறக்கும் வெள்ளாறு மட்டும் இன்றும் பரங்கிப்பேட்டையில்தான் கடலைத் தொடுகிறது. வழியில் யார் மண்ணைக் கிளறிவிட்டாலும் சுமந்துகொண்டு வருகிறது. முகத்துவாரம் தூர்வதற்குக் கடல் தள்ளும் மணலும் காரணம் என்பது உண்மை. அதற்காக மேலிருந்தும் நாம் மண்ணைத் தள்ளலாமா?

பரிகாரம் என்ன? அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பரிகாரம் நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது!

கடலூரிலிருந்து தெற்கே வாருங்கள். நொச்சிக்காடு, தியாகவல்லி கடலோர மணலில் விளைவது என்ன? வெட்டிவேர்! கோடையில் தட்டியாகக் கட்டித் தண்ணீர் தெளிக்கிறோமே, பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறோமே, அதே வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் படராது. நேரே கீழே இறங்கும், மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்கு. மெல்லிரும்புக் கம்பியின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அந்த மெல்லிய வேருக்கு உண்டு என்று மலேசியாவில் சோதித்துச் சொன்னார்கள். பிஜித் தீவின் கரும்புச் சரிவுகளை 1950களிலேயே அது காத்தது. தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1991 முதல் நாடெங்கும் அதைப் பரப்பினார். வியட்நாமில் நெடுஞ்சாலைச் சரிவுகளில் நட்டார்கள். உலகம் வேரை எடுத்துக்கொண்டது. 'வெட்டிவேர்' என்ற தமிழ்ப் பேரையும் சேர்த்து எடுத்துக்கொண்டது! நாமோ எண்ணெய்க்காகத் தோண்டி எடுக்கிறோம். கரைக்காக நட்டுவைக்க மறந்தோம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். ஏட்டில் இருக்கிறது. மத்திய சாலை அமைச்சகத்தின் பணி விதிகளில் மண்ணரிப்புத் தடுப்புக்கென்றே ஒரு பிரிவு உண்டு. சாலைச் சரிவுகளைக் காக்க 'இந்தியச் சாலைகள் காங்கிரஸ்' வகுத்த 56ஆம் எண் வழிகாட்டி உண்டு. காங்கிரஸ் என்றதும் கட்சி என்று எண்ணாதீர்கள். அது சாலைப் பொறியாளர்களின் அமைப்பு! 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோர் சுற்றுச்சூழல் முன்அனுமதி பெற வேண்டும். மேல்மண்ணைத் தனியே காக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் வழக்கமாக இடம்பெறும். அதற்குக் கீழே கட்டுகிறவர்? அந்த வலையில் அவர் விழுவதில்லை. ஊரைச் சேறாக்குவோரில் பலர் அந்த ஓட்டை வழியே நழுவிவிடுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. கட்டப்போகும் இடத்தை மட்டும் கிளறு. மீதியைப் புல்லோடு விடு. மேல்மண்ணைக் குவித்து மூடி வை. மேட்டு வேலையை ஆடிக்குள் முடி. சரிவின் குறுக்கே, அரைச்சாண் இடைவெளியில், வரிசை வரிசையாக வெட்டிவேர் நாற்று நடு. அது வேர்பிடிக்கச் சில மாதம் ஆகும்; அதுவரை தென்னைநார் விரிப்போ வைக்கோலோ போட்டு மூடு. மனையின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி வெட்டு. சேறு அங்கே தங்கட்டும், தெளிந்த நீர் வெளியே போகட்டும். புல் எல்லாவற்றையும் தாங்கும் என்று நான் சொல்லவில்லை. செங்குத்தாகக் கட்டிய மேடு சரிந்தால் எந்த வேரும் நிறுத்தாது. அதற்குக் கற்சுவர்தான் வழி.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஒரு மழைக்காலம் கண்டு, கரை நின்ற பிறகே கண்டிராக்டரின் கடைசி பில் பட்டுவாடா ஆகட்டும்! பணம் நின்றால் புல் முளைக்கும், பார்க்கலாம்!

நாற்று விற்பவர் நொச்சிக்காட்டு விவசாயி. நடுகிறவர் நம் ஊர்த் தாய்மார்கள். கூலியும் இங்கே, மண்ணும் இங்கே!

கிளைத் தோழர்களே, அடுத்த கிராமசபையில் எழுந்து இந்த ஒன்றைக் கேளுங்கள். "மண்தானே!" என்று எவராவது சிரித்தால், சேறு புகுந்த அந்த அடுப்பைக் காட்டுங்கள்!