மூன்று மண்வெட்டிகள்

போன வருடம் ஒரு கருத்தரங்கில் நன்றியுரை சொல்ல என்னைப் போட்டிருந்தார்கள். பொருள்: புலம்பெயர்ந்தோர் பண்பாடு. பேச்சாளர்கள் ஐவரும் ஆண்கள்; வரவேற்புரை, குத்துவிளக்கு, நன்றியுரை மூன்றும் பெண்கள். இது எழுதித் தீராத கதை, விடுகிறேன். நிறைவுரை ஆற்றிய மூத்த பேராசிரியர் பிரேசிலின் ஜப்பானிய வம்சாவளியினரை எடுத்துக்காட்டினார். நூறு ஆண்டு தாண்டியும் மொழியை, சடங்கை, குடும்பத்தைக் கட்டிக்காத்த சமூகம் என்றார். கடல் கடந்த தமிழர்கள் அவர்களிடம் பாடம் படிக்க வேண்டும் என்றார். அங்கே பெண்கள் பண்பாட்டைக் கைவிடவில்லை என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. நானும் எழுந்து நன்றி சொன்னேன். அந்த நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அந்தக் குடும்பம் எப்படி உண்டானது என்பதிலிருந்து தொடங்கலாம். பிரேசிலில் 1888இல் அடிமை முறை ஒழிந்தது. காபித் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. இத்தாலியர்கள் வந்தார்கள், அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு 1902இல் இத்தாலிய அரசு இலவசக் கப்பற்பயண ஏற்பாட்டுக்குத் தடை போட்டது. அடுத்ததாக ஜப்பான். 1908 ஏப்ரலில் கோபே துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கசாட்டோ மாரு கப்பல், ஜூன் 18 அன்று சாண்டோஸ் துறைமுகத்தில் 781 பேரை இறக்கியது. சாவோ பாவ்லோ மாநிலம் போட்ட நிபந்தனை, தனி ஆட்களாக வரக் கூடாது, குடும்பமாகத்தான் வர வேண்டும் என்பது. ஒரு குடும்பத்தில் பாடுபடத்தக்க வயதில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். தோட்டத்தில் ஆளை எண்ணும் கணக்கே மண்வெட்டிதான். உன் குடும்பத்தில் எத்தனை மண்வெட்டி?

தனியாள் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிடுவான். பெண்டாட்டி, பிள்ளை, மைத்துனன் என்று கட்டிப்போட்டால் ஓட மாட்டான். முதலாளியின் இந்தச் சின்னக் கணக்குக்காக ஜப்பானில் அவசர அவசரமாகக் குடும்பங்கள் தயாராயின. கப்பல் ஏறுவதற்காகவே கல்யாணங்கள் நடந்தன. தம்பி மகனாக்கப்பட்டான், பக்கத்து வீட்டுப் பெண் மனைவியாக்கப்பட்டாள். இதற்கு ஜப்பானிய மொழியில் ஒரு பெயரே உண்டு: கோசேய் கசோக்கு. 'உருவாக்கிய குடும்பம்' என்று சொல்லலாம். பேராசிரியர் பண்பாட்டின் வேர் என்று கண் கசிந்தாரே, அந்தக் குடும்பம் ஒரு கூலி ஒப்பந்தத்தின் ஷரத்தாகப் பிறந்தது. அந்த ஷரத்தை நிறைவேற்றியது, முன்பின் தெரியாத ஓர் ஆணோடு ஏறக்குறைய இரண்டு மாதம் கப்பலில் கிடந்து, தெரியாத நாட்டில் இறங்கிய பெண்ணின் உடம்பு.

காபி வரிசைகளில் அவளும் ஒரு மண்வெட்டி. குடிசைக்குத் திரும்பினால் அடுப்பு, துணி, பிரசவம். அந்த வேலைகளை எந்த மண்வெட்டிக் கணக்கிலும் எழுதவில்லை. எழுதப்பட்ட கணக்கும் குடும்பத் தலைவன் பெயரில்தான். தமிழில் தோட்டத் தொழிலாளர் கதைகளைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையைப் பெண் பக்கமிருந்து சொன்னவர் அந்தச் சமூகத்தின் பேத்தி ஒருத்தி. டிசூக்கா யமசாக்கி 1980இல் எடுத்த 'கைஜின்' படத்தின் நாயகி டிடோயே, புலம்பெயர்வதற்காகவே மணம் முடிக்கப்பட்டு 1908இல் காபித் தோட்டத்துக்கு வருகிறவள். புலம்பெயர்வு பற்றிய கருத்தரங்கு நடத்தும் துறைகள் இந்தப் படத்தை ஒரு முறையாவது திரையிட்டால் நல்லது.

முதல் கப்பலில் வந்தவர்களில் முந்நூறு பேருக்கு மேல் ஒக்கினாவாத் தீவுக்காரர்கள். 1879இல்தான் ஜப்பான் அந்தத் தீவுகளைத் தன் மாவட்டமாக்கியது; மொழி வேறு, வழக்கம் வேறு. அங்கே பெண்கள் புறங்கையிலும் விரல்களிலும் கருநீலப் பச்சை குத்திக்கொள்வார்கள். பெயர் ஹாஜிச்சி. குத்துகிறவளும் பெண், குத்திக்கொள்கிறவளும் பெண். ஒரு சிறுமி வளர வளர அவள் கையில் வடிவங்களும் வளரும். தோக்கியோ அரசு 1899இல் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று தடை செய்தது. பிறகு பிரேசிலுக்கு ஒக்கினாவாக்காரர்களை அனுப்புவதையே சில காலம் நிறுத்திவைத்தது. தோட்டத்தை விட்டு ஓடுகிறார்களாம், ஜப்பானின் மானம் போகிறதாம். 1926இல் நிபந்தனைகளோடு கதவைத் திறந்தபோது அவற்றுள் ஒன்று, பெண்களின் புறங்கையில் பச்சை இருக்கக் கூடாது.

இந்த வரியைப் படித்த அன்று வேறெதையும் படிக்க முடியவில்லை. துறைமுகத்தில் ஒருத்தி கையை நீட்ட வேண்டும். அந்தக் கையில் அவள் பாட்டி எழுதியிருந்தால், போக முடியாது. பண்பாட்டைக் காப்பது என்று நாம் புகழும்போது யாருடைய பண்பாடு என்று கேட்க வேண்டாமா? கப்பல் ஏறும் முன்பே பெண்ணின் கையிலிருந்த பண்பாட்டைக் குற்றமாக்கிவிட்டு, மிச்சம் மீதியைக் காத்தார்கள் என்று கைதட்டுகிறோம்.

1930களில் பிரேசிலின் இனவாதிகள் ஜப்பானியரை வெறுத்ததற்குச் சொன்ன காரணமும் அதுதான்: இவர்கள் கரைய மாட்டார்கள். ஒலிவேரா வியானா என்ற அறிஞர் அவர்களைத் தண்ணீரில் கரையாத கந்தகத்தோடு ஒப்பிட்டார். எங்கள் பேராசிரியர் அதே கந்தகத்தைத் தங்கம் என்றார், அவ்வளவுதான் வித்தியாசம். இருவருக்கும் உயிருள்ள மனிதர்கள் தேவைப்படவில்லை. ஒரு வேதிப்பொருள் போதும்.

1938இல் வர்கஸ் ஆட்சி அந்நிய மொழிப் பள்ளிகளை மூடியது. 1943 ஜூலையில் சாண்டோஸ் கரையோர ஜப்பானியரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கோழியையும் தறியையும் போட்டபடி போட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். இந்தக் கொடுமைகளுக்குப் பிரேசில் அரசு மன்னிப்புக் கேட்கவே 2024 ஆனது. போருக்குப் பின், ஜப்பான் தோற்றதா ஜெயித்ததா என்று சமூகம் இரண்டாகப் பிரிந்து, தோல்வியை ஏற்றுக்கொண்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் 23 பேர். வரலாற்று நூல்கள் இதற்கு அத்தியாயம் அத்தியாயமாக ஒதுக்குகின்றன. பள்ளி மூடிய பிறகு, பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு, விளக்கடியில் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம்.

1955 முதல் கோச்சியா விவசாயக் கூட்டுறவு சுமார் 2,500 இளைஞர்களைத் தனியாட்களாகவே ஜப்பானிலிருந்து வரவழைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர்களுக்காக மணப்பெண்கள் கப்பலில் வந்தார்கள். பிரேசிலில் பெண்களுக்கா பஞ்சம்? கரையாமல் இருக்க மணமகள் இறக்குமதி வேண்டியிருந்தது.

ஆனால் கரைந்தார்கள். 1980களின் இறுதியில் சாவோ பாவ்லோவின் ஜப்பானிய-பிரேசில் ஆய்வு மையம் எடுத்த கணக்கில், இரண்டாம் தலைமுறையில் 6 சதவீதமும், மூன்றாம் தலைமுறையில் 42 சதவீதமும், நான்காம் தலைமுறையில் 61 சதவீதமும் கலப்பு வம்சத்தவர். பாட்டிகள் கப்பலுக்காகக் கட்டிக்கொண்டார்கள். பேத்திகள் மனதுக்காகக் கட்டிக்கொண்டார்கள். வீட்டில் சண்டை நடந்திருக்கும், சிலரைப் படியேற விட்டிருக்க மாட்டார்கள். பேராசிரியர் சொன்ன 'கைவிடவில்லை' என்பதற்கு அந்தப் பெண்களே எப்போதோ பதில் சொல்லியிருக்கிறார்கள்.

1990இல் ஜப்பான் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, மூன்றாம் தலைமுறை வரை வம்சாவளியினர் வந்து வேலை செய்ய வழிவிட்டது. ஆலைகளுக்கு ஆள் வேண்டும்; வெளியார் வேண்டாம்; ரத்தம் ஒன்றாக இருந்தால் சிக்கல் வராது என்று நினைத்தார்கள். ஹமமாட்சுவுக்கும் ஓயிசுமிக்கும் போனவர்கள் அங்கே கைஜின் ஆனார்கள். பிரேசிலில் தாத்தாக்கள் வெள்ளையரையும் கறுப்பரையும் சுட்டி 'அந்நியர்' என்று சொன்ன அதே சொல். ஆலைக்கான ஆள்தேவை விளம்பரங்களில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. ரத்தம் ஒன்றாக இருந்தும் என்ன?

அங்கே திருவிழா வந்தால் சம்பா நடனம். பிரேசிலில் இருந்தவரை சம்பா ஆடியே இராத பெண்கள், ஜப்பானில் இறகுக் கிரீடம் வைத்துத் தெருவில் ஆடினார்கள். பிரேசிலில் இருந்தபோதோ, விழா மேடையில் அவளைக் கிமோனோ கட்டி நிற்க வைத்தார்கள். இங்கே கிமோனோ, அங்கே இறகு. இரண்டு ஊரிலும் அடையாளம் என்றால் பெண் உடம்பில் மாட்டும் உடுப்புதான்; ஆண்கள் சட்டை பேண்ட்டோடு உரை நிகழ்த்துவார்கள். ஆடிய பெண்களை நான் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் நின்ற கால்களுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்திருக்கும். என் கோபம் மேடை போடுகிறவர்கள் மேல். 2009இல் வேலை குறைந்தபோது ஜப்பான் அரசு தலைக்கு மூன்று லட்சம் யென், கூட இருப்பவர்களுக்கு இரண்டு லட்சம் என்று கொடுத்து ஊருக்கு அனுப்பியது. அதே விசாவில் திரும்பி வரக் கூடாது என்பது நிபந்தனை. மறுபடியும் குடும்பக் கணக்கு. மண்வெட்டிக்கு ஒரு விலை, மண்வெட்டியைச் சார்ந்தவர்களுக்கு ஒரு விலை.

அப்படியானால் அவர்களுக்கு அடையாளமே வேண்டாம் என்கிறாயா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அவளுக்கு டோமியே ஒட்டாக்கே பற்றிச் சொன்னேன். கியோத்தோவில் பிறந்தவர், 1936இல் அண்ணனைப் பார்க்க சாவோ பாவ்லோ வந்து அங்கேயே தங்கிவிட்டவர். கல்யாணம், இரண்டு பையன்கள். தூரிகையை முழுதாகக் கையில் எடுத்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது. வரைந்தவை அருவ ஓவியங்கள். அவற்றில் செர்ரிப் பூவும் கிடையாது, காபிச் செடியும் கிடையாது. ஆனாலும் விமர்சகர்கள் ஜப்பானைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். அவர் நூற்றொரு வயது வரை வரைந்துகொண்டே இருந்தார்.

இந்த வருட அழைப்பிதழின் மாதிரி நேற்று வந்தது. நன்றியுரை என்பதற்கு எதிரே என் பெயர். அடித்துவிட்டு, கட்டுரை வாசிக்கிறேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். தலைப்பு: ஹாஜிச்சி.