மாடியில் குளம், வீட்டுக்குள் வாளி!

புரட்டாசி பிறந்தால் சென்னைக்காரர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று தீபாவளிச் செலவு. இன்னொன்று ஒழுகும் வீடு. முதல் கவலைக்குக் கடனாவது கிடைக்கும். இரண்டாவது கவலைக்கு வாளிதான் துணை!

அடைமழை பெய்த மறுநாள் தெருவுக்குத் தெரு ஒரே புலம்பல். "போன வருஷம்தான் தட்டோடு பதிச்சேன். அதுக்குள்ள ஒழுகுது. மேஸ்திரி ஏமாத்திட்டான்!"

மேஸ்திரியைத் திட்டுவதற்கு முன் மாடி ஏறிப் பார்ப்பது நல்லது. பல வீடுகளில் குற்றவாளி அவர் அல்ல. மழைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும் சருகும் மண்ணும்தான்!

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால், அது 9,000 லிட்டருக்கு மேல். ஒரு லாரித் தண்ணீர்! எடை 9 டன்னைத் தாண்டும். 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. குழாய் வாய் மூடிக் கிடந்தால் இத்தனை தண்ணீரும் எங்கே போகும்? தளத்துக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். அப்புறம் காரை பெயர்ந்து தலையில் விழும்.

எந்த வலை நல்லது?

குழாய் வாய்க்கு வலை போட வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த வலை?

"சார், இது பொடி வலை. தூசிகூட உள்ளே போகாது. ஒரு தடவை மாட்டினா திரும்பிப் பார்க்கவே வேண்டாம்!" என்று கடையில் ஆசை காட்டுவார்கள். சென்னைக்கு அது சரிப்படாது. கோடை முழுக்க ரோட்டுப் புழுதியும் கட்டட வேலைத் தூசியும் மாடியில் படிகின்றன. முதல் மழையில் அது சேறாகிப் பொடி வலையில் அப்பிக்கொள்ளும். மறுநாள் வெயிலில் காய்ந்து இறுகிவிடும். அப்புறம் அது வலை அல்ல, மூடி!

தட்டையான சல்லடையும் ஆகாது. ஒரே ஒரு பாதாம் இலை போதும், மூடிவிடும்.

கவிழ்த்த கிண்ணம்போல் எழும்பி நிற்கும் வலைதான் ஏற்றது. அடியில் சருகு சேர்ந்தாலும் மேல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். சுண்டு விரல் நுழையும் ஓட்டை போதும். சருகு நிற்கட்டும், தூசி போகட்டும்! தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்தத் தூசியைக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டி பார்த்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் வலை வெயிலில் நொறுங்கும். சாதா இரும்பு துருப்பிடிக்கும். கடற்கரைப் பக்கம் இன்னும் சீக்கிரம். எவர்சில்வர் நீடிக்கும். எதுவானாலும் சிமெண்ட் வைத்துப் பூசிவிடக் கூடாது. கையால் தூக்கிச் சுத்தம் செய்ய முடியவேண்டும்.

கூரை ஓரத்தில் தகர வாய்க்கால் வைத்த வீடுகளுக்கும் இதே பாடம்தான். அங்கே பொடி வலை போட்டால், பேய்மழையில் தண்ணீர் வலையைத் தாண்டிக் குதித்துச் சுவரில் அடிக்கும்.

சாவி யாரிடம்?

வலை போட்டாச்சு, வேலை முடிஞ்சாச்சு என்று இருந்துவிடவும் முடியாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது மரங்களே சாய்ந்தன. அப்படிப்பட்ட காற்றில் குவியும் இலைக்கு எந்த வலையும் தாங்காது. ஆள் ஏறி அள்ளித்தான் ஆகவேண்டும்.

யார் ஏறுவது? குடியிருப்பவர் வீட்டுக்காரரைக் கை காட்டுகிறார். வீட்டுக்காரர் குடியிருப்பவரைக் காட்டுகிறார். அடுக்குமாடி என்றால் எல்லாரும் வாட்ச்மேனைக் காட்டுகிறார்கள். மாடிக் கதவோ பூட்டிக் கிடக்கிறது!

வலையின் விலை சில நூறு ரூபாய். தளத்தைப் பெயர்த்துப் போட ஆயிரக்கணக்கில் ஆகும். அந்தச் செலவு வந்தால் வாடகையும் ஏறும். ஆகவே இது இரண்டு பேர் வீட்டுப் பிரச்சினையும்தான். மாடிச் சாவி யாரிடம், மாதம் ஒருமுறை ஏறுவது யார் என்பதை இப்போதே பேசி வைத்துவிடுவது நல்லது.

புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவர்த்தி வாங்க ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் மாடிக்கும் போய் வரட்டும். மழையில் வாளி தேடுவதைவிட, வெயிலில் துடைப்பம் எடுப்பது மேல்!