இடுகையைப் படித்தால் நோய் புலப்படுமா?

புதுச்சேரியின் லாஸ்பேட்டைக் கல்லூரி மாணவரின் சமூக ஊடக இடுகைகளை ஆழ்கற்றலிடம், அதாவது பல அடுக்கு நரம்புவலைகளால் தரவின் பாங்குகளைத் தானே கற்கும் கணினி முறையிடம், ஒப்படைத்தால் மனச்சோர்வை முன்னரே கண்டறியலாம் என வாதிடுவோர், அம்முறை எதைப் படித்துக் கற்றது என்று கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக, இத்தகைய முறைகளுக்குக் கற்பிக்கவெனச் சென்னையை அடுத்த எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் உருவாக்கி, 2022இல் ஓர் ஆய்வுப் போட்டிக்கு அளித்த தரவுத்தொகுப்பு ரெடிட் தளத்தின் ஆங்கில இடுகைகளால் ஆனது. அவற்றுக்குச் சோர்வின்மை, மிதம், கடுமை என்று அடையாளமிட்டவர்கள் எழுத்தைப் படித்தார்களே தவிர, எழுதியவரைப் பரிசோதிக்கவில்லை. "தூக்கமே வரல, நெஞ்சு பாரமா இருக்கு" என உடலின் வழியே துயரைச் சொல்லி, அதையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சிடும் மாணவரை அத்தொகுப்பு எங்கே கண்டது?

கணக்கும் இவ்வாதத்துக்குத் துணைவரவில்லை. ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு நோய் இருப்பதாகவும், நோயுள்ளோர், நோயற்றோர் ஆகிய இரு சாராரிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கருவி சரியாக இனங்காண்பதாகவும் கொண்டால், அது சுட்டும் 140 பேரில் 95 பேர் நோயற்றவர்களே. 2022இல் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 29.7ஆகப் பதிவான புதுச்சேரியில் அவசரம் இருப்பது மெய்தான். ஆயினும் கல்லூரிகள் முதலில் அமர்த்த வேண்டியது உளநல ஆலோசகரை. பேச விரும்பும் மாணவருக்கு 14416 என்னும், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் இன்றே இருக்கிறது.