நன்றி சொல்லி அனுப்பினார்கள்

ஷினேட் ஃபாரெல்லியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2023இல் தொடங்குகிறார்கள். கால்பந்தை விட்டு ஏழு ஆண்டுகள் விலகியிருந்த அமெரிக்க நடுக்கள வீராங்கனை, 33 வயதில் திரும்பி வந்து கோதம் அணியில் சேர்ந்தார். தந்தை வழியில் அயர்லாந்துக்கு ஆடும் உரிமை பெற்று, அந்நாடு முதன்முதலாக நுழைந்த பெண்கள் உலகக் கோப்பையில் ஆடினார். அதே ஆண்டு கோதம் லீக் பட்டத்தையும் வென்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேடையில் மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்லலாம்.

என் சண்டை இந்தக் கதைசொல்லலோடுதான். ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் ஆட்டம் முதிரும் வயது 26க்கும் 33க்கும் இடையில்தான். அந்த ஆண்டுகள் எங்கே போயின என்று கேட்காமல் அவருடைய உறுதியை மட்டும் புகழ்வது, திருடியவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளின் பொறுமையை மெச்சுவதாகும்.

2011இல் பிலடெல்பியா அணி அவரைத் தேர்வு வரிசையில் இரண்டாவதாக எடுத்தது. பயிற்சியாளர் பால் ரைலி. அவர் தன்னை நெருக்கிப் பாலுறவுக்கு உட்படுத்தினார் என்று 2021 செப்டம்பரில் ‘தி அத்லெட்டிக்’ இதழிடம் ஃபாரெல்லி சொன்னார். ரைலி பெரும்பாலான குற்றச்சாட்டுகளை மறுத்தார். 2014இல் போர்ட்லேண்ட் தார்ன்ஸ் அணியில் ஃபாரெல்லி மறுபடியும் அதே பயிற்சியாளரின் கீழ்தான் ஆட வேண்டியிருந்தது.

‘அப்போதே விலகியிருக்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு, பெண்களும் கேட்கிறார்கள். எங்கே விலகுவது? 2013இல் தொடங்கிய தேசியப் பெண்கள் லீக்கில் அப்போது ஒரு பருவத்துக்கான குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலராக இருந்தது. வாடகைக்கே போதாது. வீராங்கனையின் சம்மதம் கேட்காமலே ஓர் அணி அவரை இன்னோர் அணிக்கு மாற்றிவிடலாம் என்ற நிலை அப்போது இருந்தது. விரும்பிய அணிக்குப் போகும் உரிமை, 2022இல் கையெழுத்தான முதல் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்குப் பிறகே வந்தது. யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது, யாரைக் கைமாற்றுவது என்பதெல்லாம் ஒருவன் வாய்ச்சொல்லில் இருக்கும்போது, அவன் கேட்பது வேண்டுகோள் ஆகாது.

2015இல் சக வீராங்கனை மானா ஷிம், ரைலி மீது எழுத்தில் புகார் கொடுத்தார். கிளப் விசாரித்தது, அவரை விலக்கியது. வெளியே என்ன சொன்னது? அவர் அடுத்த பருவம் தொடரமாட்டார், அவருடைய பணிக்கு நன்றி, அவ்வளவுதான். எனக்கு மற்ற எதையும்விட இந்த நன்றிதான் ஆறவில்லை. சில மாதங்களில் அதே லீக்கில் இன்னோர் அணி அவரை வேலைக்கு எடுத்தது. 2016இல் கோப்பை, 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் சிறந்த பயிற்சியாளர் விருது. ஃபாரெல்லியோ, ஒரு கார் விபத்தும் சேர்ந்துகொள்ள, 2016இல் ஆட்டத்தை விட்டிருந்தார்.

2021இல் இரு பெண்களும் லீக்குக்கு எழுதி மறுவிசாரணை கேட்டார்கள். பழைய புகார் விசாரித்து முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது. பத்திரிகையில் வந்த அன்றே ரைலியின் வேலை போனது. மறுநாள் லீக் ஆணையர் லிசா பேர்ட் பதவி விலகினார். ஆண்டுக்கணக்கில் முடியாதது இரண்டு நாளில் முடிந்தது. அப்படியானால் முன்பு எது தடுத்தது? தகவல் இல்லாமல் போகவில்லை. 2022 அக்டோபரில் வந்த சாலி யேட்ஸ் அறிக்கை, இந்தக் கொடுமை பல அணிகளிலும் அமைப்பின் போக்காகவே இருந்ததைப் பதிவு செய்தது. 2023 ஜனவரியில் ரைலியோடு மேலும் மூன்று பயிற்சியாளர்களுக்கு லீக் வாழ்நாள் தடை விதித்தது.

இதையெல்லாம் நகர்த்தியவர்கள் ஆடிய பெண்களே. 2021 அக்டோபர் 6 அன்று ஆறாவது நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணிகளும் நடுவட்டத்தில் தோள்மேல் கைபோட்டு நின்றார்கள். நிமிடத்துக்கு ஓர் ஆண்டு என்று, அந்தக் குரல்கள் கேட்கப்படுவதற்கு எடுத்த ஆறு ஆண்டுகளுக்காக.

ரைலியின் கோப்பைகளும் விருதுகளும் ஆட்ட வரலாற்றில் எண்களாக இருக்கின்றன. ஃபாரெல்லியின் பெயருக்கு நேரே 2016 முதல் 2022 வரை ஒரு கோல், ஒரு பாஸ், ஒரு நிமிடம்கூட இல்லை.