அட்வான்ஸுக்கு முன் ஒரு பொறியாளர்

வீடு வாங்கும்போது காகிதத்தில் நாம் காட்டும் கவனத்தைக் குறை சொல்ல முடியாது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, திட்ட அனுமதி நகல் என்று எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம். வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்க வாஸ்துக்காரரைப் பணம் கொடுத்து அழைத்துவருகிறவர்களும் உண்டு. கட்டடத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு போய், அறைகளைச் சுற்றிவந்து, குழாயைத் திறந்து மூடி, எதிர்வீட்டாரிடம் தண்ணீர் வசதி பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தால் அரை மணியில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. பத்திரத்துக்கு ஒரு வக்கீல் வேண்டுமென்றால், கட்டடத்துக்கு விற்பவரையும் தரகரையும் சாராத ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். அதுவும் அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்பே வேண்டும்.

வெறும் கண்ணுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. விற்பனைக்கு வரும் பழைய வீடு பெரும்பாலும் பட்டி பார்த்துப் புதுப் பெயின்ட் அடித்துத்தான் வருகிறது. ஓதம் ஏறிய சுவரும் ஒழுகிய தளமும் அடுத்த மழை வரை வெளியே தெரியாது. அதைவிட ஆழமான நோய் கான்கிரீட்டுக்குள் இருக்கும். உப்பு கலந்த நீரோ மணலோ கலவையில் சேர்ந்தால், அல்லது கடற்காற்றின் உப்பு காலப்போக்கில் உள்ளே இறங்கினால், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடலோரச் சென்னையில் வீடு தேடுகிறவர் இதை அலட்சியம் செய்ய முடியாது. கடலே இல்லாத ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் குருகிராமின் சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பில் மேல்மாடித் தளம் ஒன்று இடிந்து, அடுத்தடுத்த தளங்களை உடைத்துக்கொண்டு இறங்கியதில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். பிறகு ஆராய்ந்த டெல்லி ஐஐடி, கான்கிரீட்டில் இருந்த குளோரைடு கம்பிகளை அரித்திருந்ததைக் கண்டறிந்தது. லட்சங்கள் கொடுத்து அங்கே வீடு வாங்கியவர்கள் யாரும் கவனமில்லாதவர்கள் அல்ல. பார்க்க வேண்டியது கண்ணுக்கு எட்டும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கான்கிரீட்டின் உறுதியைத் தோராயமாகச் சொல்லும் ரீபவுண்ட் சுத்தியல், உள்வெடிப்பைக் காட்டும் அல்ட்ராசோனிக் சோதனை, ஈரமானி, கம்பியின் அரிப்பை அறியும் மின்னழுத்தச் சோதனை எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன. எல்லா வீட்டுக்கும் எல்லாச் சோதனையும் தேவையில்லை. எது தேவை என்று சொல்லத் தெரிந்தவர் தேவை. பூச்சில் ஓடும் மெல்லிய மயிர்க்கோட்டைப் பார்த்து நல்ல வீட்டைக் கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலை, அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம் என்ற எண்ணமே இல்லாமல், சிமென்ட் வைத்து மூடிவிடலாம் என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் இந்த வேறுபாடு முக்கியம்.

கடன் கொடுக்கும் வங்கி தன் பொறியாளரை அனுப்பத்தானே செய்கிறது என்பார்கள். அனுப்புகிறது. ஆனால் கடன் திரும்பாவிட்டால் இந்தச் சொத்து என்ன விலைக்குப் போகும் என்பதுதான் வங்கியின் கேள்வி. மனை மதிப்பு அதிகமுள்ள பகுதியில் கட்டடம் ஓட்டையாக இருந்தாலும் வங்கிக்குப் பெரிய நஷ்டமில்லை. அதற்குள் குடியிருக்கப் போவது வங்கியல்ல. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையை பில்டர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் பத்து வருடப் பழைய ஃபிளாட்டைத் தனிநபரிடம் வாங்குகிறவருக்கு அது உதவாது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழும் எட்டு வீட்டுக்கு உட்பட்ட குடியிருப்புக்கு ரெரா பதிவே தேவையில்லை. சென்னையின் உள்தெருக்களில் பெருகியிருப்பவை இந்த வகைதான். மிஞ்சுவது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 55ஆம் பிரிவு. இதன் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடியதை விட்டுவிட்டால் பொறுப்பு வாங்குபவர் தலையில். மறைந்திருந்த குறையென்றால், அது விற்பவருக்குத் தெரியும் என்று நிரூபிக்கும் பாடும் வாங்குபவருடையதே.

செலவைப் பற்றிய வாதம் கணக்கில் நிற்காது. கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்றால், 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். தரகு ஒரு சதவீதமானால் 60,000. ஆய்வுச் செலவு பெரும்பாலும் அந்தத் தரகுக்குள் அடங்கும்.

வலுவான ஆட்சேபம் வேறு. வீட்டு ஆய்வாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட இங்கே தனி உரிமம் கிடையாது. கருவியைக் கையில் பிடித்தவரெல்லாம் நிபுணராகலாம். உண்மைதான். ஆனால் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டமைப்புப் பொறியாளர்களைப் பதிவு செய்ய ஏற்கெனவே வழி வைத்திருக்கின்றன. தரகர் பரிந்துரைக்கும் ஆளைத் தவிர்த்துவிட்டு அந்தப் பதிவுள்ளவரைத் தேடலாம். பழைய வீட்டை ஆய்வு செய்யும்போது எவற்றைப் பார்க்க வேண்டும், அறிக்கை எப்படி இருக்க வேண்டும், தவறான அறிக்கைக்கு யார் பொறுப்பு என்று அரசு ஒரு படிவம் வகுத்தால் போதும், புதிய துறை எதுவும் தேவையில்லை. ஆய்வு முடியும் வரை விற்பவர் காத்திருக்க மாட்டார், வேறு ஆள் அட்வான்ஸோடு நிற்கிறார் என்று தரகர் அவசரப்படுத்துவது வழக்கம். அவசரம்தான் என்றால் சிறு தொகையைக் கொடுத்து, பத்து நாளுக்குள் ஆய்வு நடக்கும், பெரிய குறை தெரிந்தால் விலை குறையும் அல்லது பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதிக்கொள்ளலாம். விலையைப் பேச வாங்குபவருக்கு இருக்கும் பிடி அந்தப் பத்து நாளோடு சரி. முழு அட்வான்ஸும் போன பிறகு அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும், அது பழுதுபார்க்கும் செலவுப் பட்டியலாகத்தான் பயன்படும்.